"கவனமா இருந்தா போதும்"னு சொல்றது பொய்யுங்க

ஒன்றரை மாசமா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதலை. மழை, சோளம் விதைப்பு, ரெண்டு மாடு கன்னு போட்டதுன்னு வேலை இருந்தது உண்மைதான். ஆனா காரணம் அது இல்லை. எழுத உக்காந்தா ஒரு விசயம்தான் மனசுல வந்து நின்னுச்சு. அதை எழுதாம வேற எதையும் எழுத முடியலை. இன்னிக்கு எழுதிடறேன்.

கொஞ்சம் கோவமாத்தான் இருக்கும். கோவம் முதல்ல என் மேல, அப்புறம் ஊர் மேல.

பக்கத்துத் தோட்டத்துப் பையன், எனக்கு அக்கா மகன் முறை. கன்னுக்குட்டிக்குத் தடுப்புக் கட்டறதுக்கு வேப்பம் பலகை அறுக்கோணும்னு ஒரு சாயங்காலம் வந்தான். "மாமா, உங்க கிரைண்டரைக் குடுங்க, காலையில தந்தர்றேன்"னான். கையில மரம் அறுக்கற பல்லு வச்ச 4 இஞ்சு பிளேடு ஒண்ணு புதுசா வச்சிருந்தான். டவுன்ல ஹார்டுவேர் கடையில வாங்கினதாம். நானும் மோட்டார் ரூமுக்குள்ள போயி மிஷினை எடுத்துக் குடுத்தேன். குடுக்கறப்ப ஒரு வார்த்தை சொன்னேன்: "பார்த்து மாப்ளே, கவனமாப் பண்ணு."

மறுநாள் காலையில எட்டு மணிக்குப் பலகையில ஒரு கணு இருந்த இடத்துல பிளேடு கவ்விப் பிடிச்சிருக்கு. மிஷின் துள்ளி அவன் இடது கை மேலேயே வந்துருச்சு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல. நரம்பு அறுந்து, ஆஸ்பத்திரியில ஆறு மணி நேரம் ஆபரேசன். கை இருக்குது. ஆனா கட்டைவிரல் மடங்கலை. இருபத்தி மூணு வயசு. பால் கறக்கற கை.

அன்னிக்கு சாயங்காலம் டீக்கடையில பேச்சு எல்லாம் அதுதான். எல்லாரும் ஒரே வரியைத்தான் சொன்னாங்க: "பையன் கவனமா இல்லீங்க. இந்தக் காலத்துப் பசங்க செல்லுல நெனப்பு." நானும் டீயைக் குடிச்சுக்கிட்டே தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து மோட்டார் ரூமைத் தொறந்தா, செவுத்து ஆணியில அந்த கிரைண்டரோட கார்டு தொங்குது. போன வருசம் சொட்டு நீர் பில்டருக்கு ஸ்டாண்டு அடிக்கறப்ப, ஆங்கிளோட மூலைக்குள்ள டிஸ்க் போகலைன்னு நான் கழட்டி மாட்டினது. திருப்பிப் போடவே இல்லை. அது மேல ஒட்டடை பிடிச்சிருந்துச்சு. பக்கவாட்டுக் கைப்பிடியும் அங்கதான் கெடந்துச்சு.

கார்டு இல்லாத, கைப்பிடி இல்லாத மிஷினை ஒரு பையன் கையில குடுத்துட்டு, "கவனமாப் பண்ணு"ன்னு சொன்னவன் நான். அப்புறம் அவனுக்குக் கவனம் பத்தலைன்னு தலையாட்டினவனும் நான்.

அதனால இன்னிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். "கவனமா இருந்தா போதும்"கறது அறிவுரை இல்லீங்க. அது ஒரு பொய். நாம செய்ய வேண்டியதைச் செய்யாம விட்டுட்டு, பழியை அடிபட்டவன் தலையில கட்டறதுக்கு வச்சிருக்கற வார்த்தை.

ஏன் பொய்னு கணக்காவே சொல்றேன்.

4 இஞ்சு கிரைண்டர் நிமிசத்துக்கு ஏறக்குறைய 11,000 சுத்து சுத்துது. மிஷின் மேல ஒட்டியிருக்கற தகட்டுலயே போட்டிருக்கும், போயிப் பாருங்க. 4 இஞ்சுன்னா 100 மில்லி மீட்டர். சுற்றளவு 31 சென்டி மீட்டருக்குக் கொஞ்சம் மேல. பெருக்கிப் பார்த்தா டிஸ்க் ஓரம் மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேல ஓடுது. நம்ம ஊர் ரோட்டுல எந்த வண்டியும் அந்த வேகம் போறதில்லை. அது நம்ம முகத்துக்கு ஒண்ணரை அடியில ஓடுது.

ஒரு மனுசன் ஒண்ணைக் கண்ணால பார்த்து, புரிஞ்சு, கையை இழுக்கறதுக்குச் சுமார் கால் விநாடி ஆகும். எவ்வளவு சூட்டிகையான ஆளா இருந்தாலும் அதுல பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் கால் விநாடிக்குள்ள இந்த மிஷின் 45 சுத்து சுத்தி முடிச்சிருக்கும். 40 பல்லு வச்ச பிளேடுன்னா 1,800 பல்லு ஒரே இடத்துல கடிச்சிருக்கும். இதுல எந்த இடத்துல கவனம் வந்து கையைக் காப்பாத்தும்? கவனம் வேலை செய்யறது மிஷினைப் போடறதுக்கு முன்னாடி. போட்டதுக்கு அப்புறம் காப்பாத்தறது இரும்புத் தகடு மட்டும்தான்.

அடுத்தது அந்தப் பல்லு பிளேடு. இதை எல்லாரும் புரிஞ்சுக்கோணும். இரும்பு அறுக்கற கல்லு டிஸ்க் தேய்ச்சுத் தேய்ச்சு அறுக்குது. அதுக்குப் பல்லு இல்லை. மரம் அறுக்கற பிளேடு கொத்திக் கொத்தி அறுக்குது. கணு வந்தாலோ, பலகை நடுவுல அமுங்கி வெட்டு வாய் மூடிக்கிட்டாலோ பல்லு கவ்விக்கும். கவ்வின உடனே சுத்தற வேகம் அத்தனையும் மிஷினைப் பின்னாடி தூக்கி எறியும். மரம் அறுக்கறதுக்குன்னே செஞ்ச சர்குலர் சாவுல கீழ அகலமான அடித்தட்டு இருக்கும், பிளேடை மூடற கார்டு தானா வந்து மூடிக்கும், ரெண்டு கையும் பிளேடுக்குப் பின்னாடி பிடிக்கற மாதிரி கைப்பிடி இருக்கும். கிரைண்டர்ல இது எதுவுமே இல்லை. கிரைண்டர் இரும்பு தேய்க்கறதுக்குச் செஞ்ச மிஷின். அதுல மரப் பல்லை மாட்டறது, எருமையை ஏர்ல பூட்டாம ஸ்கூட்டர்ல பூட்டற மாதிரி. பூட்டலாம். எங்க போயி நிக்கும்னு யாரும் சொல்ல முடியாது.

கிரைண்டரோட வர்ற கையேட்டைப் பாருங்க. பல்லு வச்ச மரப் பிளேடு மாட்டாதேன்னு போட்டிருப்பாங்க. ஆனா கடையில கிரைண்டருக்குப் பக்கத்துலயே அதே 4 இஞ்சு அளவுல பல்லு பிளேடு தொங்குது. வாங்கறவன் கிட்ட "எந்த மிஷின்ல போடப் போறே"ன்னு ஒரு கேள்வி கெடையாது. நான் போயிக் கேட்டேன். கடைக்காரர் சொல்றாரு, "எல்லாரும் போடறாங்க, நீங்க மட்டும் என்னங்க." அதுக்கு மேல பேச முடியலை. எல்லாரும் போடறாங்கங்கறது உண்மை. நானும் போட்டவன்தான்.

இனி, கார்டு விசயத்துல நம்மாளுங்க சொல்ற காரணம் ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன்.

முதல் காரணம்: "கார்டு போட்டா வேலை ஓடாது."

இதுல பாதி உண்மை இருக்குதுங்க. மூலையில, சதுரப் பைப்போட உள்பக்கத்துல கார்டு இடிக்கும். நான் கழட்டினதும் அதுக்குத்தான். ஆனா கார்டைத் திருப்பி வைக்க முடியும். ஒரு ஸ்குரூவைத் தளர்த்தினா போதும். சில மிஷின்ல அது கூட வேண்டாம், ஒரு கொண்டி இருக்கும். பொருளைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துல இருந்து அறுக்கலாம். அதுவும் முடியாத மூலை வந்தா ஆக்ஸா பிளேடு இருக்குது. கையால பத்து நிமிசம் ஆகும். நான் அந்த ஸ்டாண்டுக்கு மிச்சம் பிடிச்ச நேரம் பத்து நிமிசம். என் மாப்பிள்ளைக்குப் போனது ஒரு கை.

ரெண்டாவது காரணம்: "பெரிய டிஸ்க் போட்டா சீக்கிரம் தேயாது."

சின்ன மிஷின்ல 5 இஞ்சு டிஸ்க் மாட்டறதுக்காகவே கார்டைக் கழட்டறவங்க இருக்காங்க. 7 இஞ்சு கூட மாட்டறதைப் பார்த்திருக்கேன். 4 இஞ்சு டிஸ்க்குக்கு நடு ஓட்டை 16 மில்லி மீட்டர், பெரிய டிஸ்க்குக்கு 22. அந்த இடைவெளியில வாஷரை வச்சு அடைச்சு முறுக்கறாங்க. டிஸ்க் நடுவுல உக்காராது, ஆடும். அதை விட முக்கியம் வேகம். ஒவ்வொரு டிஸ்க் மேலயும் இத்தனை சுத்துக்கு மேல போகக் கூடாதுன்னு அச்சடிச்சிருக்கும். 7 இஞ்சு டிஸ்க்ல 8,500ன்னு இருக்கும். அதை 11,000 சுத்தற மிஷின்ல போட்டா என்ன ஆகும்? ஓரத்தோட வேகம் மணிக்கு 370 கிலோ மீட்டரைத் தாண்டும். அந்த டிஸ்க் தாங்கற அளவு 288. வெடிச்சா துண்டு எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாது. கார்டு இருந்தா நம்ம பக்கம் வராது. கார்டைத்தான் முதல்லயே கழட்டியாச்சே.

இன்னொண்ணு. கல்லு டிஸ்க்குக்கும் காலாவதித் தேதி உண்டுங்க. நடுவுல இருக்கற சின்ன உலோக வளையத்துல பொறிச்சிருப்பாங்க. உள்ள இருக்கறது பிசின். ஈரம் பட்டா, வருசம் ஆனா, பலம் போயிரும். நம்ம வீட்டுல அது எங்க கெடக்குது? மோட்டார் ரூம்ல, யூரியா மூட்டைக்குப் பக்கத்துல, ஒழுகற ஓட்டுக்குக் கீழ. மருந்து அடிக்கறப்ப டப்பாவுல தேதி பார்க்கறோம். இதுல பார்க்கறதில்லை.

மூணாவது காரணம்: "முப்பது வருசமாப் பண்றோம், ஒண்ணும் ஆகலை."

இதைச் சொல்றவங்க கையைப் பாருங்க. நான் டீக்கடையில உக்காந்து ஒரு நாள் எண்ணினேன். அன்னிக்கு அங்க இருந்த பதினோரு பேர்ல நாலு பேருக்கு ஏதோ ஒரு விரல்ல ஒரு கணு இல்லை, இல்லைன்னா நகம் இல்லை. ஒருத்தருக்கு ஒரு கண்ணுல வெள்ளை விழுந்திருக்கு. வெல்டிங் பட்டறையில தெறிச்ச இரும்புத் தூள். பக்கத்துல இருந்தவரு ஊசியில எடுத்து விட்டாராம். இரும்புத் தூள் கண்ணுல உக்காந்தா துரு பிடிக்கும், சுத்தி வட்டமாக் கறை விழும். அதைக் கண் டாக்டர்தான் எடுக்கோணும். ஊசியும் இல்லை, வெத்தலைக் காம்பும் இல்லை, நாக்கும் இல்லை. "ஒண்ணும் ஆகலை"ன்னு சொல்றதுக்கு அர்த்தம், ஆனதை எல்லாம் நாம கணக்குல வைக்கலைங்கறதுதான். பட்டறையில அடிபட்டா விதி. தோட்டத்துல அடிபட்டா நேரம். எந்த ஆபீஸ் ரிஜிஸ்தர்லயும் அது ஏறாது. பேக்டரியா இருந்தா சட்டம் இருக்குது, இன்ஸ்பெக்டர் வருவாரு. நம்ம மோட்டார் ரூமுக்கு யாரு வர்றாங்க?

கண்ணாடி வாங்கறதுக்கு நான் குடுத்தது 90 ரூபா. மூக்குக்கும் கண்ணுக்கும் ஓரமெல்லாம் மூடற மாதிரி. சினிமாக் கூலிங் கிளாஸ் இல்லை. அது உடைஞ்சா அந்தச் சில்லே கண்ணுக்குள்ள போகும்.

இப்ப தட்டு வெட்டற மிஷினுக்கு வர்றேன். இதுதான் எனக்குப் பெரிய பயம். ஏன்னா கிரைண்டரை ஆம்பளைங்க எடுக்கறோம், எப்பவாச்சும் எடுக்கறோம். தட்டு வெட்டற மிஷின் தெனமும் ஓடுது, வீட்டுக்கு வீடு ஓடுது, பெரும்பாலும் அதுல நிக்கறது பொம்பளைங்க. சோளத்தட்டு, கோ-4 புல்லுன்னு ஒரு கத்தை ஒரு கத்தையாத் தள்ளறாங்க. சேலை முந்தானை, நைட்டி மேல போட்ட துண்டு, கை நிறைய வளையல். பெல்ட்டுக்கு மேல மூடி இருக்காது. மூடி எங்கன்னு கேட்டா, "பெல்ட் மாத்தறப்பக் கழட்டினதுங்க" அப்படின்னு பதில் வரும். என் மோட்டார் ரூம் ஆணியில தொங்கின கார்டு கதைதான் இங்கயும்.

கை போறது பெரும்பாலும் ரெண்டு விதத்துல. ஒண்ணு, சின்னத் துண்டா மிஞ்சின தட்டைக் கையாலேயே ரோலர் வாய்க்குள்ள தள்ளறது. இன்னொண்ணு, அடைச்சுக்கிட்டா மிஷினை நிறுத்தாம எடுக்கறது. அதுலயும் நம்ம ஊருக்கே உரிய ஆபத்து ஒண்ணு இருக்கு: கரண்ட். அடைச்சிருக்கும், அதே நேரம் பார்த்துக் கரண்ட் போயிருக்கும். சுவிட்சை ஆப் பண்ணாம, "கரண்ட்தான் இல்லையே"ன்னு கையை விடுவாங்க. கரண்ட் வந்துரும்.

இதுக்குக் கவனம் தீர்வு இல்லீங்க. தீர்வு ஸ்டார்ட்டர். பச்சை பட்டன் சிவப்பு பட்டன் வச்ச ஸ்டார்ட்டர்ல உள்ள ஒரு காயில் இருக்கு. கரண்ட் போனா அது விட்டுரும். கரண்ட் திரும்பி வந்தாலும் நாம பச்சையை அமுக்கினாத்தான் மோட்டார் ஓடும். சாதா சுவிட்சுல மாட்டினா அப்படி இல்லை, கரண்ட் வந்த உடனே தானா ஓடும். கெணத்து மோட்டாருக்கு ஆட்டோ போட்டுப் பழகினவங்க நாம. ராத்திரி எந்திரிச்சுப் போக வேண்டாம்னு போட்ட வசதி அது. அதே பழக்கத்துல தட்டு வெட்டற மிஷினையும் தானா ஓடற மாதிரி விட்டு வச்சிருக்கோம். ரெண்டும் ஒண்ணு இல்லை. கெணத்து மோட்டார்ல யாரும் கையை விடறதில்லை.

கிரைண்டருக்கும் இதே கதைதான். தள்ளினா பூட்டிக்கற சுவிட்ச் இருக்கற மிஷின்ல, கரண்ட் போச்சுன்னு அப்படியே கீழ வச்சுட்டு டீ குடிக்கப் போயிடறோம். கரண்ட் வந்தா மிஷின் தரையில தானா ஓடும். பிளக்கைப் புடுங்கிட்டுத்தான் கீழ வைக்கோணும். டிஸ்க் மாத்தறப்பவும் அப்படித்தான்.

"இதெல்லாம் படிச்சவங்க பேசற பேச்சு, விவசாயத்துக்கு ஆகாது"ன்னு சில பேர் சொல்லுவாங்க. அவங்களுக்கு ஒரு பழைய கதை சொல்றேன். பசுமைப் புரட்சி வந்த புதுசுல பஞ்சாப், அரியானா பக்கம் கதிரடிக்கற மிஷின் ஊர் ஊரா எறங்குச்சு. கோதுமைக் கட்டை உள்ள தள்ளறப்ப எத்தனையோ கூலிக்காரங்களுக்குக் கை போச்சு. அப்பவும் முதல்ல சொன்னது, தூக்கக் கலக்கம், பழக்கமில்லாத ஆளு, கவனம் இல்லைன்னுதான். கடைசியில 1983-ல நாடாளுமன்றத்துல ஆபத்தான எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அந்தச் சட்டம் பேர் சொல்லிப் பிடிச்சது கதிரடிக்கற மிஷினைத்தான். செய்யறவன், விக்கறவன் பொறுப்பு என்ன, கை போனவனுக்கு நஷ்டஈடு என்னன்னு அதுல வந்துச்சு. மிஷினுக்கான தர விதியில என்ன சொன்னாங்க தெரியுங்களா? தள்ளற தொட்டி 900 மில்லி மீட்டர் நீளம் இருக்கோணும், அதுல 450 மேல மூடி இருக்கோணும். அவ்வளவுதான். மனுசன் கை நீளத்தை அளந்து, அது எட்டாத தூரத்துல கத்தியை வச்சாங்க. கூலிக்காரனைக் கூப்பிட்டுக் கவனமா இருன்னு பாடம் எடுக்கலை. தூங்கி விழுந்தாலும் கை எட்டக் கூடாது, அதுதான் கணக்கு.

நம்ம மோட்டார் ரூமுக்கு வேண்டியதும் இந்தக் கணக்குதான்.

கரண்ட் பத்தி ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். "எம்.சி.பி. போட்டிருக்கேன், பயமில்லை"ன்னு நெனைக்கறவங்க நிறைய. எம்.சி.பி. காப்பாத்தறது ஒயரை. மனுசனை இல்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு மேல போனாத்தான் விழும். மனுசன் உசுருக்கு ஆபத்து வர்றதுக்கு 30 மில்லி ஆம்பியருக்குச் சுத்துமுத்தே போதும். 500 மடங்குக்கு மேல வித்தியாசம். நீங்க கருகிக்கிட்டு இருந்தாலும் எம்.சி.பி. அப்படியே நிக்கும். மனுசனைக் காப்பாத்தறது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போன கரண்ட் முழுசாத் திரும்பி வரலைன்னா கண் மூடித் தொறக்கறதுக்குள்ள விழுந்துரும். அதுல ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒருக்கா அமுக்கிப் பாருங்க.

"ஆர்.சி.சி.பி. போட்டேன், நிக்கவே மாட்டேங்குது, எலக்ட்ரீசியன் கழட்டிட்டாரு"ன்னு ஒரு அண்ணன் சொன்னாரு. போயிப் பார்த்தா, நியூட்ரல் வரலைன்னு எர்த் கம்பியையே நியூட்ரலா மாட்டி ஓட்டிக்கிட்டு இருக்காரு. நம்ம பக்கம் இது சர்வ சாதாரணம். எர்த் வழியாத் திரும்பிப் போற கரண்டை ஆர்.சி.சி.பி. கசிவுன்னுதான் எடுத்துக்கும், விழத்தான் செய்யும். அது கெட்டுப் போகலை. "இங்க ஒருத்தன் சாகப் போறான்"னு சொல்லிக்கிட்டு இருக்கு. நாம அதைத்தான் கழட்டிப் போடறோம். அந்த எர்த் கம்பி எங்காச்சும் விட்டுச்சுன்னா, அதுல சேர்ந்த மிஷின் உடம்பு எல்லாம் கரண்டா நிக்கும். கட்டுத்தரை ஈரத்துல வெறுங்காலோட நிக்கற மாடு, பொம்பளை, பையன் எல்லாத்துக்கும் அதே கதி.

கை மிஷின்ல சதுரத்துக்குள்ள சதுரம் மாதிரி ஒரு அடையாளம் போட்டு ரெண்டு பின் பிளக்கோட வந்தா அது ரெட்டைக் காப்பு, எர்த் தேவையில்லை. அது மட்டமான மிஷின்னு அர்த்தமில்லை. அப்படி இல்லாம மூணு பின்னோட வர்ற மிஷினுக்கு மூணாவது பின்னை ஒடைச்சு மாட்டக் கூடாது. எந்த மிஷினா இருந்தாலும், பிளக் இல்லாம ஒயரைச் சீவி ஓட்டையில சொருகித் தீக்குச்சி வச்சு இறுக்கறதை இன்னையோட விட்டுருங்க.

இனிமேல் என் மோட்டார் ரூம்ல என்ன வழக்கம்னு சொல்லிடறேன். யாருக்கும் பாடம் எடுக்கலைங்க. இது நான் எனக்குப் போட்ட விதி.

கார்டும் கைப்பிடியும் இல்லாத மிஷின் அந்த ரூமை விட்டு வெளிய போகாது, யார் கேட்டாலும். கார்டோட சேர்த்து கண்ணாடியும் ஒரே பையில இருக்கும். பையோடதான் கடன்.

மரம் அறுக்கோணும்னு வர்றவங்களுக்கு கிரைண்டர் கெடையாது. கை ரம்பம் இருக்கு, ஜிக்சா ஒண்ணு வாங்கியிருக்கேன். மரப் பல்லு பிளேடு வீட்டுல இருந்த ரெண்டையும் வளைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு.

லுங்கி, கழுத்துத் துண்டு, தொளதொளன்னு நூல் கையுறை, இதோட மிஷின்கிட்ட வர்றதில்லை. துணி மாட்டினா அது துணியோட நிக்காது, கையையும் இழுத்துக்கும்.

தட்டு வெட்டற மிஷினுக்கு ஸ்டார்ட்டர் மாட்டியாச்சு. பெல்ட்டுக்கு மூடி வந்தாச்சு. தொட்டியை ரெண்டடி தகடு வச்சு நீட்டி மேல மூடியாச்சு, என் கையே கத்திக்கு எட்டாது. மிச்சத் துண்டைத் தள்ளறதுக்கு ஒரு மூங்கில் குச்சி கயித்துல கட்டித் தொங்குது. முதல்ல வீட்டுக்காரம்மா, "இவ்வளவு தூரத்துல இருந்து தள்ளினா நேரமாகுதுங்க"ன்னாங்க. கால் மணி நேரம் கூட ஆகுது. ஆகட்டும்.

களை வெட்டற மிஷின் ஓடறப்ப 15 மீட்டருக்குள்ள யாரும் வரக் கூடாது. கையேட்டுல இருக்கறதுதான். பசங்க அது பின்னாடி ஓடறதை வேடிக்கைன்னு விட்டுக்கிட்டு இருந்தோம். இரும்பு பிளேடுல கல்லு பட்டா தெறிக்கற வேகம் கவண்கல்லுக்கு மேல.

யூடியூப்ல வீடியோ போடற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. வெறுங்கண்ணோட, கார்டு இல்லாம, காலால பலகையை மிதிச்சுக்கிட்டு அறுக்கறதைப் போட்டு, "சிக்கனமான ஐடியா நண்பர்களே"ன்னு சொல்றீங்க. உங்களுக்கு அன்னிக்கு ஒண்ணும் ஆகலை. அதைப் பார்த்துட்டுச் செய்யறவங்க வீட்டுக்கு நீங்க போயிப் பார்க்கப் போறதில்லை. மானியத்துல மிஷின் குடுக்கறப்ப மாலை போட்டுப் போட்டோ எடுக்கறவங்களுக்கும் அதையேதான் சொல்வேன். அரை நாள் உக்கார வச்சு, எப்படி நிறுத்தறது, எப்படி அடைப்பெடுக்கறதுன்னு வீட்டுப் பொம்பளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருந்தா, அது மானியத்தை விடப் பெருசு.

"உனக்கு ஏன் இத்தனை கோவம்"னு கேப்பீங்க. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனப்ப நடந்ததைச் சொல்லி முடிக்கறேன்.

பையன் மயக்கத்துல படுத்திருந்தான். அக்கா வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. நான் போயிப் பக்கத்துல நின்னேன். என்ன சொல்றதுன்னு தெரியலை. அவங்க என்னைத் திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அக்கா தலை நிமிந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி:

"உங்க மிஷினுக்கு ஒண்ணும் ஆகலையே தம்பி?"

ஒண்ணும் ஆகலைங்கக்கா. மிஷின் நல்லாத்தான் இருக்குது. கார்டைப் போட்டுட்டேன். போட எனக்கு ரெண்டு நிமிசம்தான் ஆச்சு.

இதைப் படிச்சு முடிச்ச உடனே போன்ல அடுத்ததைத் தள்ளாம, எந்திரிச்சுப் போயி உங்க மோட்டார் ரூம் ஆணியைப் பாருங்க. ஏதாச்சும் தொங்குச்சுன்னா, இன்னிக்கே எடுத்து மாட்டிருங்க.